ஓம் என்ற சொல்லும் பத்து மைக்கறைகளும்

1991ஆம் ஆண்டு மாரிகாலம். நான் சுவிஸுக்கு வந்து ஆறு வருடங்கள் கழிந்திருந்தன. ஓரளவு டொச் கதைக்கப் பழகியிருந்தபடியால் எம்மவருக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய்வருவதுண்டு. அன்று போனது ஒரு வைத்தியசாலைக்கு. தீவுப்பகுதியைச் சேர்ந்த, அறுபது வயது கடந்த ஓர் ஐயா. அகதி விண்ணப்பத்துடன் சேர்ப்பதற்காக அவரது மனநிலை பற்றிய அறிக்கையொன்று தேவைப்பட்டிருந்தது. இளம் பெண் வைத்தியர் ஒருவர் வினாக்கொத்தொன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"எல்லாம் முடிந்துவிட்டது போல உங்களுக்குத் தோன்றுவதுண்டா?"

"ஓம்."

"பெரும்பாலான நாட்களில் சந்தோஷமாக இருக்கிறீர்களா?"

"ஓம் தம்பி, ஓம்."

எல்லாக் கேள்விக்கும் ஓம். நானும் ஒவ்வொரு ஓமையும் 'யா' என்று மொழிபெயர்த்தேன். வீடு எரிந்ததைச் சொன்னபோது ஐயா சிரித்தார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. வைத்தியர் தன் கண்ணால் கண்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "ஏன் ஐயா எல்லாத்துக்கும் ஓம் எண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை இவ்வளவு மினக்கெட்டுக் கேக்கேக்கை இல்லை எண்டு சொல்லலாமோ தம்பி? அதோடை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு அதுக்குத் தெரிய வேணுமெல்லே."

பின்னர் வந்த அறிக்கையில், விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை, சொல்லும் விடயத்துக்கும் வெளிப்படும் உணர்ச்சிக்கும் பொருத்தமில்லை, ஆகவே நம்பத்தகுந்த முடிவுக்கு வர இயலவில்லை என்று எழுதப்பட்டிருந்தது. வைத்தியர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தன் கல்வி சொன்னதைச் செய்தார். ஆனால் அந்தக் கல்வி எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டுமென்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

உருவமா உள்ளடக்கமா என்று எமது இலக்கியக்காரர் அறுபதுகளில் ஈழத்துப் பத்திரிகைகளில் மோதிக்கொண்டதை வாசகர் பலர் அறிவர். அதே மோதல் மனித மனத்தை அளக்கும் துறையிலும் ஒரு நூற்றாண்டாக நடந்துள்ளது. ஒருவர் என்ன சொல்கிறார் என்பது ஒன்று. எப்படிச் சொல்கிறார் என்பது இன்னொன்று. இவற்றில் எதை வைத்து அவரை அறிவது? இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர்களுள் முக்கியமான ஒருவர், நாம் வந்து சேர்ந்த இதே நாட்டில் வாழ்ந்தவர்.

ஹெரிசாவின் வைத்தியர்

ஹேர்மன் றோர்ஷாக் 1884 நவம்பர் 8இல் சூரிச்சில் பிறந்து ஷாஃப்ஹௌசனில் வளர்ந்தவர். தந்தை சித்திர ஆசிரியர். பள்ளித் தோழர்கள் றோர்ஷாக்குக்கு வைத்த பட்டப்பெயர் 'கிளெக்ஸ்', அதாவது மைக்கறை. காகிதத்தில் மையைச் சிந்தி, இரண்டாக மடித்து அழுத்தி, விரித்துப் பார்த்து உருவம் தேடுவது அக்காலத்தில் டொச் பேசும் நாடுகளில் பரவலாக இருந்த விளையாட்டு. கவிஞரும் வைத்தியருமான யுஸ்டினஸ் கேர்னர் இப்படி உண்டான கறைகளுக்குப் பாட்டெழுதிச் சேர்த்த தொகுப்பு 1890இல் நூலாக வந்திருந்தது.

றோர்ஷாக் சூரிச்சில் மருத்துவம் படித்து, ஒய்கன் புளொய்லரின் கீழ் ஆய்வு செய்து பட்டம் பெற்றார். 1915 முதல் அப்பென்செல் பகுதியின் ஹெரிசாவிலுள்ள மனநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். மைக்கறைகளைக் காட்டி ஆட்களைச் சோதிப்பது அவர் கண்டுபிடித்த வழியல்ல. பிரான்சில் அல்பிரெட் பினே 1895இலேயே கற்பனைத் திறனை அளக்க அதைப் பரிந்துரைத்திருந்தார். 1917இல் புளொய்லரின் இன்னொரு மாணவரான ஷிமோன் ஹென்ஸ் என்ற போலந்துக்காரர், 1000 சிறுவர், 100 வளர்ந்தோர், 100 மனநோயாளர் ஆகியோருக்கு மைக்கறைகளைக் காட்டிச் செய்த ஆய்வைச் சமர்ப்பித்தார். ஹென்ஸ் முதன்மையாகக் கவனித்தது அவர்கள் என்ன கண்டார்கள் என்பதை. பூவா, மிருகமா, முகமா? யாருக்குக் கற்பனை கூட?

றோர்ஷாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். என்ன கண்டார் என்பது இரண்டாம் பட்சம். எப்படிக் கண்டார் என்பதே முதன்மை என்றார். கறை முழுவதையும் ஒன்றாகப் பார்த்தாரா, ஒரு பகுதியையா, மூலையில் கிடக்கும் சிறு துணுக்கையா? வடிவத்தை வைத்துச் சொன்னாரா, நிறத்தை வைத்தா? சொன்ன உருவத்துக்கும் கறையின் விளிம்புக்கும் பொருத்தம் உண்டா? அசையாத மையில் அசைவைக் கண்டாரா? உதாரணமாக மூன்றாவது அட்டையில் பலர் இரண்டு மனிதரைக் காண்பார்கள். ஒருவர் "இரண்டு மனிதர்" என்று சொல்லி நிறுத்துவார். மற்றொருவர் "இரண்டு பேர் குனிந்து நின்று எதையோ தூக்குகிறார்கள்" என்பார். உள்ளடக்கம் இரண்டிலும் மனிதர்தான். ஆனால் றோர்ஷாக்கின் கணக்கில் இவை இரு வேறு விடைகள். மனித அசைவைக் காண்பவரிடம் உள்நோக்கிய வாழ்வு வலுவாக உண்டென்றும், நிறத்தால் இழுபடுபவரிடம் புறத்தை நோக்கிய உணர்ச்சி கூடுதலென்றும் அவர் கருதினார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. என்ன சொல்கிறோம் என்பதை எவரும் ஓரளவு காவல் காக்கலாம். சொல்லக் கூடாததை விழுங்கிவிடலாம். எப்படிப் பார்க்கிறோம் என்பதைக் காவல் காப்பது கடினம். றோர்ஷாக்கின் சோதனை பிற்காலத்தில் பெற்ற செல்வாக்குக்கும், அதன்மேல் சிலர் கொண்ட அச்சத்துக்கும் இதுவே காரணம்.

அவரது நூல் 1921இல் பேர்ணிலுள்ள பதிப்பகம் ஒன்றால் வெளியிடப்பட்டது. அட்டைகளின் எண்ணிக்கை செலவு காரணமாகப் பத்தாகக் குறைக்கப்பட்டது. அச்சிட்டபோது கறைகள் சிறிதாகின, நிறங்கள் மாறின, சீரான கறுப்பாக இருந்த இடங்களில் மங்கலும் அடர்த்தியுமாக நிழல்கள் விழுந்தன. றோர்ஷாக் அதைப் பிழையென்று தள்ளாமல் புதிய வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். அந்த நிழல்களைப் பார்க்கும் விதமும் பின்னர் சோதனையில் ஓர் அங்கமாயிற்று. நூல் விற்பனையாகவில்லை. மறு ஆண்டு, 1922 ஏப்ரல் 2இல், குடல்வால் அழற்சி முற்றி அவர் இறந்தபோது வயது 37.

நூலின் அடிப்படை 405 பேரின் விடைகள். அவர்களுள் 117 பேர் மட்டுமே நோயற்றவர்கள். இவை கோட்பாடு என்பதைவிட அவதானிப்புகளே என்பதில் அவர் தெளிவாக இருந்தார். பேர்ண்காரரின் விடைகளும் அப்பென்செல்காரரின் விடைகளும் வேறுபடுவதை அவரே கவனித்திருந்தார். பேர்ண்காரர் மெதுவானவர், உள்ளடங்கியவர். அப்பென்செல்காரர் வாய்த்துடுக்கும் பகிடியும் உள்ளவர். மனநோயாளரிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. ஒரே சிறு நாட்டுக்குள், ரயிலில் சில மணிநேர இடைவெளியில், 'எப்படி' மாறிவிடுகிறது. இந்தக் குறிப்பைப் பின்வந்தவர்கள் இன்னும் கவனமாக வாசித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அட்டைகள் கடல் கடந்தபோது

புளொய்லரின் மகன் மன்ஃபிரெட் புளொய்லரும் அவரது சகோதரர் றிச்சார்டும் மொறோக்கோவில் கிராமத்தவருக்கு இந்த அட்டைகளைக் காட்டி, 1935இல் தமது கட்டுரையை வெளியிட்டனர். அம்மக்கள் கறையின் மிகச் சிறு துணுக்குகளைத் தேடித்தேடி விடை சொன்னார்கள். ஐரோப்பாவில் ஒருவர் அப்படிச் செய்தால் அது மனச்சிதைவின் அறிகுறியாக எடுக்கப்பட்டிருக்கும். சகோதரர்கள் அந்த முடிவுக்குப் போகவில்லை. இது அங்குள்ளவரின் இயல்பான பார்வை, ஐரோப்பிய அளவுகோலை அப்படியே வைக்கக் கூடாது என்று எச்சரித்தனர். இந்த நேர்மை எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

அட்டைகள் அமெரிக்காவில் வேரூன்றியதற்குப் பெரும் காரணமாக இருந்தவர்களுள் ஒருவர் புறூனோ குளொப்பர். அவரும் எம்மைப் போல் நாடு விட்டவர். யூதரான அவர் 1933இல் ஹிட்லரின் யேர்மனியை விட்டு வெளியேறி, சூரிச்சில் வேலை தேடி வருவோருக்கு இச்சோதனையைச் செய்யும் பணியில் சிலகாலம் இருந்து, 1934இல் நியூயோர்க் சென்றார். அங்கே மாணவர்கள் அவரைச் சுற்றிக் கூடினார்கள். விடையை எப்படிக் குறிப்பது, எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதில் அவருக்கும் சாமுவேல் பெக் என்பவருக்கும் எழுந்த பிணக்கு இறுதிவரை தீரவில்லை. பல பள்ளிகளாகப் பிரிந்து கிடந்த முறைகளை ஜோன் எக்ஸ்னர் 1974இல்தான் ஓரளவு ஒன்றுசேர்த்தார்.

இந்தப் பிணக்கின் பாரதூரம் நூரம்பேர்க்கில் வெளிப்பட்டது. 1945இல் நாஜித் தலைவர்கள் விசாரணைக்காகச் சிறை வைக்கப்பட்டிருந்தபோது, அமெரிக்க உளமருத்துவர் டக்ளஸ் கெலியும் உளவியலாளர் குஸ்ராவ் கில்பேர்ட்டும் அவர்களுக்கு இதே அட்டைகளைக் காட்டினார்கள். கெலிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. கில்பேர்ட் டொச் தெரிந்தவர். இருவரும் ஒரே மனிதரைச் சோதித்து எதிரெதிர் முடிவுக்கு வந்தனர். இவர்கள் மனப்பிறழ்வு கொண்ட தனி வகையினர் என்றார் கில்பேர்ட். இத்தகையோரை எந்த நாட்டிலும் காணலாம் என்றார் கெலி. 1976இல் மொலி ஹறோவர் என்ற உளவியலாளர் அந்த விடைகளைப் பெயர் மறைத்து, பாதிரிமார் முதலியோரின் விடைகளுடன் கலந்து நிபுணரிடம் கொடுத்தார். எது நாஜியினுடையது என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. உலகமறிந்த குற்றத்தைச் செய்தவரிடமே 'எப்படி' அவ்வளவு தெளிவாகப் பேசவில்லையென்றால், யாரும் அறியாத ஓர் அகதியிடம் அது எவ்வளவு தெளிவாகப் பேசும்?

வினாக்கொத்தின் வழி

மைக்கறையை நம்பாதோர் வேறு வழியில் போனார்கள். நேரடியாகவே கேள், 'சரி' அல்லது 'பிழை' என்று விடை வாங்கு, எண்ணிப் பார். அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஹதவேயும் மக்கின்லியும் ஆக்கி 1943இல் வெளியிட்ட பெரிய வினாக்கொத்தில் 550 கூற்றுகள் இருந்தன. இங்கே எல்லாம் உள்ளடக்கம்தான் என்று தோன்றும். ஆனால் கதவால் துரத்தப்பட்ட 'எப்படி' யன்னலால் திரும்பி வந்தது.

தம்மை நல்லவராகக் காட்ட முனைவோரைப் பிடிப்பதற்கென்றே அந்த வினாக்கொத்தில் சில கூற்றுகள் செருகப்பட்டிருந்தன. 1946இல் லீ குறொன்பாக் என்ற அறிஞர், கூற்றின் பொருள் என்னவாக இருந்தாலும் சிலர் 'ஓம்' பக்கமே சாய்வார்கள், சிலர் 'இல்லை' பக்கமே சாய்வார்கள், இந்தச் சாய்வு மதிப்பெண்ணைக் கெடுக்கும் என்று எடுத்துக்காட்டினார். அலன் எட்வேர்ட்ஸ் 1953இல் இன்னொன்றைக் காட்டினார். ஒரு கூற்றைச் சமூகம் எவ்வளவு நல்லதாக மதிக்கிறது என்பதற்கும், எத்தனை பேர் அதைத் தமக்குப் பொருந்தும் என்கிறார்கள் என்பதற்கும் இருந்த இணைவு 0.87. ஆட்கள் தம்மைப் பற்றிச் சொல்வதாக நாம் நினைப்பதில் பெரும்பங்கு, சபையில் எது நன்றாகத் தோன்றும் என்பதே.

இதில் எம்மைப் போன்றோருக்குப் பொருள் நிறைந்த ஒரு கதை உண்டு. ஹிட்லருக்குத் தப்பி வந்த தியோடோர் அடோர்னோவும் எல்ஸ பிறெங்கெல் புறுன்ஸ்விக்கும் இரு அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 1950இல் வெளியிட்ட பெருநூல், எத்தகைய மனிதர் அதிகாரத்துக்குப் பணிந்து பாசிசத்துக்கு இரையாகிறார் என்று அளக்க முயன்றது. தமது வீட்டை எரித்தவனின் மனத்தை விளங்கிக்கொள்ளும் முயற்சி அது. ஆனால் அளவையிலிருந்த கூற்றுகள் எல்லாமே ஒரே திசையில் அமைந்திருந்தன. 'ஆமோதிக்கிறேன்' என்றால் மதிப்பெண் ஏறும். அப்படியானால் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர் பாசிசத்துக்குச் சாய்ந்தவரா, அல்லது எதைக் கேட்டாலும் ஆமோதிப்பவரா? ஐம்பதுகள் முழுவதும் இந்தக் கேள்வி அந்த நூலைத் தொடர்ந்தது.

1958இல் டக்ளஸ் ஜக்சனும் சாமுவேல் மெசிக்கும் இந்தப் பிரச்சினைக்கு 'உள்ளடக்கமும் பாணியும்' என்றே பெயர் வைத்து எழுதினார்கள். மினசோட்டா வினாக்கொத்து அளப்பதில் பெரும்பகுதி பாணியே என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுப்பும் வந்தது. 1965இல் ஜாக் புளொக், ஓமும் இல்லையும் சமமாக வரும்படி அளவைகளைத் திருத்தி அமைத்துப் பார்த்தபோது பழைய வடிவமே திரும்பக் கிடைத்தது என்றார். அதே ஆண்டில் லெனாட் றோறர், பாணி என்பது பெரும்பாலும் கட்டுக்கதை என்றே எழுதினார். ஜக்சன் பின்னர் கனடாவின் ஒன்ராறியோவில் இருந்துகொண்டு, 1967இல் தன் சொந்த வினாக்கொத்தை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு அளவையிலும் பாதிக் கூற்றுகளுக்கு 'சரி', பாதிக்குப் 'பிழை' என்று சமன் செய்யப்பட்டிருந்தது. ஆமோதிக்கும் பழக்கத்தின் தாக்கத்தைக் குறைக்க இன்றும் கையாளப்படும் வழி இது.

இவர்கள் எல்லோரையும்விட ஐயாவுக்கு நெருங்கி வந்தவர்கள் சமூகவியலாளரான கேர்ஹார்ட் லென்ஸ்கியும் ஜோன் லெகெட்டும். 1960இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகளையும் ஆமோதிப்போர் யார் என்று பார்த்தது. கறுப்பின மக்களிடையிலும் கீழ்நிலைத் தொழில் செய்வோரிடையிலும் அது கூடுதலாக இருந்தது. இவர்களுக்கு விளங்கவில்லை என்றோ, இவர்கள் ஆளுமை அப்படி என்றோ அவர்கள் சொல்லவில்லை. கேள்வி கேட்க வந்த, தம்மிலும் உயர்ந்த நிலையிலுள்ளவருக்குக் காட்டும் மரியாதை இது என்றார்கள். பஸ் தரிப்பிடத்தில் ஐயா எனக்குச் சொன்னதும் அதுதான்.

எஃப் என்ற மனிதர்

இது பழங்கதை என்று நினைப்போருக்கு ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். 2015 ஏப்ரலில் நைஜீரியாவைச் சேர்ந்த ஒருவர் ஹங்கேரியில் புகலிடம் கோரினார். நீதிமன்றப் பதிவில் அவர் பெயர் 'எஃப்' மட்டுமே. தான் ஆண்களை விரும்பும் ஆண், ஆகவே நாட்டில் துன்புறுத்தப்படுவேன் என்பது அவர் காரணம். அவர் சொன்னதில் அடிப்படையான முரண்பாடு எதுவும் இல்லை என்று அதிகாரிகளே ஏற்றார்கள். ஆனாலும் அவரை உளவியலாளரிடம் அனுப்பினார்கள். மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொன்னார்கள். முகப்படங்களைக் காட்டித் தெரிவு செய்யச் சொன்னார்கள். றோர்ஷாக்கின் பத்து அட்டைகளையும் காட்டினார்கள். அவர் சொல்வதைச் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை என்று கூறி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஒரு மனிதர் முரணின்றிச் சொன்ன வார்த்தையை, அவர் மையைப் பார்த்த விதம் வென்றுவிட்டது. ஹெரிசாவின் வைத்தியர் தன் நோயாளரை விளங்கிக்கொள்ள உண்டாக்கிய கருவி, ஒருவரை எல்லைக்கு வெளியே தள்ளும் கருவியாயிற்று. அவர் வழக்காடினார். 2018 ஜனவரி 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஒருவரின் பாலியல் நாட்டத்தை அறிய இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்தக் கூடாது, அது தனிவாழ்வில் அளவுமீறித் தலையிடுவதாகும் என்று தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் சம்மதித்தார் என்ற வாதத்தையும் நீதிமன்றம் எளிதில் ஏற்கவில்லை. எதிர்காலம் முழுவதும் அதிகாரியின் கையில் இருக்கும்போது கொடுக்கும் சம்மதம் சுயவிருப்பமானதாகவே இருக்கும் என்றில்லை என்பது அதன் நிலைப்பாடு. எம்மில் எத்தனை பேர் இப்படி 'ஓம்' சொல்லிக் கையொப்பம் இட்டிருப்போம்!

உள்ளடக்கத்தையும் பாணியையும் பிரித்துப் பார்த்தது தவறென்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையான கண்டுபிடிப்பு. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் ஐயாவின் ஓம் வெறும் ஓமாகவே என்றைக்கும் நின்றிருக்கும். ஆனால் 'எப்படி' என்பதை வைத்து ஒருவரை அறியப் புறப்படுபவர், அவர் எந்த ஊரில், யார் மடியில், யார் முன்னிலையில் பேசப் பழகினார் என்பதை முதலில் அறியவேண்டும். பேர்ண்காரரையும் அப்பென்செல்காரரையும் பிரித்தறிய றோர்ஷாக்குக்கு முடிந்தது, இரு இடத்தாருடனும் அவர் பழகியிருந்ததால். எமது ஐயா துக்கத்தைச் சொல்லும்போது ஏன் சிரித்தார் என்று அந்த வைத்தியருக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

நான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதை அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்நியர் முன்னால் அழுது அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எமது பெரியவர்கள் சிரிப்பதுண்டு என்று டொச்சில் சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. சொன்னதை மட்டும் மொழிபெயர்ப்பதே என் வேலை என்று நினைத்து இருந்துவிட்டேன். ஐயா இப்போது உயிருடன் இல்லை. அதற்குப் பின்னர் மொழிபெயர்க்கப் போன இடங்களில், ஒருவர் முதல் 'ஓம்' சொன்னதும், சற்றுப் பொறுங்கள் என்று வைத்தியரிடம் அனுமதி கேட்டு, "நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுறியளோ, அப்பிடித்தான் எண்டு சொல்லுறியளோ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டே மொழிபெயர்த்து வருகிறேன். சிலர் அதற்கும் ஓம் என்பார்கள். அப்போது இன்னொரு முறை கேட்பேன்.